அவன் ஏன் சிரிக்கிறான்?
(நாயகரும் பகைவரும் குறித்துச் சில எண்ணங்கள்)

குணா குகைக்கு வெளியே, இரும்புக் கம்பி வேலியைப் பற்றியபடி நின்றிருந்த மாணவி ஒருத்தி நம்மிடம் கேட்ட கேள்வியிலிருந்து இக்கட்டுரையைத் தொடங்குவதே முறையாகும். “ஐயா, குணா படத்தில் வில்லன் யார்?”

எளிய கேள்விதான். படம் பார்த்தவர் எவரும் உடனே விடை சொல்லிவிடலாம். நாமும் சொல்ல வாயெடுத்தோம். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் அவள் கேட்பது அதுவன்று என்று புரிந்தது.

2024-ஆம் ஆண்டின் இறுதியில் இளங்கலை மூன்றாமாண்டு மாணவர் 22 பேருடன் கொடைக்கானலுக்கு இரண்டு நாள் சென்றிருந்தோம். திரைக்கதை எழுதுதல் என்றொரு தாள் நம் தலையில் விழுந்திருந்தது. சங்க இலக்கியமும் இலக்கணமும் நடத்தி வந்த நமக்கு அது புதுப் பழக்கம். ஆளுக்கொரு சிறு திரைக்கதை எழுதித் தருமாறு பணித்திருந்தோம். வத்தலக்குண்டிலிருந்து மலையேறும் வழியில், பேருந்தின் கொண்டைஊசி வளைவுகளுக்கு இடையே, அவற்றைப் படித்து முடித்தோம். 22 கதைகளிலும் பகைவர் ஒருவரே. சில கதைகளில் மணல் கொள்ளையராக வந்தார். சிலவற்றில் அமைச்சராக, சிலவற்றில் தனியார் மருத்துவமனை முதலாளியாக. எல்லாவற்றிலும் வெள்ளைச் சட்டை, தடித்த சங்கிலி, காரணமில்லாத சிரிப்பு. நாயகரும் ஒருவரே. அவருக்கு எல்லாம் தெரியும். அவர் எதிலும் தவறுவதில்லை. இறுதிக் காட்சியில் மட்டும் கொஞ்சம் இரத்தம் சிந்துகிறார்.

ஒவ்வொன்றின் ஓரத்திலும் சிவப்பு மையால் “பகைவனுக்கு உயிர் இல்லை” என்று எழுதினோம். எழுதும்போதே கை சற்றுத் தயங்கியது. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பின்னர்ச் சொல்வோம்.

*

தூண் பாறைகளுக்கு அருகில், சோலை மரங்களின் வேர்கள் தரையெல்லாம் பாம்புகள்போல் பின்னிக் கிடக்கும் இடம் அது. பெரும்பாறைகளுக்கு நடுவே ஆழமான பிளவுகள். மேலிருந்து பார்த்தால் இருட்டு மட்டுமே தெரியும். ஆங்கிலேயர் அதனை ‘டெவில்ஸ் கிச்சன்’ என்றனர். சாத்தானின் அடுக்களை என்னும் அப்பெயரை 1991-இல் வந்த ஒரு திரைப்படம் அழித்துவிட்டது. இன்று அது குணா குகை. ஒரு கதைமாந்தனின் பெயர் ஒரு நிலத்துக்கு நிலைத்து நிற்பது தமிழ்த் திரையில் அரிதினும் அரிது. கதைமாந்தனைப் படைப்பது பற்றிப் பேச அதனினும் பொருத்தமான இடம் வேறில்லை என்று கருதியே மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றோம்.

சந்தான பாரதி இயக்கம், சாப் ஜான் கதை, பாலகுமாரன் வசனம், இளையராஜா இசை, வேணு ஒளிப்பதிவு. அதே தீபாவளிக்குத் ‘தளபதி’யும் வந்தது. அந்த ஆண்டு மக்கள் கூட்டம் பெரிதும் அந்தப் பக்கம் சென்றது. ‘குணா’வை ஊர் மெல்லத்தான் அறிந்துகொண்டது.

குணா யார்? பரத்தையர் இல்லத்தில் வளர்ந்தவன். மனநோயாளி எனப் பெயர் பெற்றவன். அபிராமி என்னும் தெய்வப்பெண் தன்னைத் தேடி வருவாள், பௌர்ணமியன்று அவளை மணந்து தான் தூய்மை அடைவான் என நம்புகிறவன். கோயிலில் காணும் ரோகிணி என்னும் செல்வர் வீட்டுப் பெண்ணை அபிராமி எனக் கொண்டு மலைமேல் கடத்திச் செல்கிறான்.

தமிழ் படித்தவர்க்கு இந்த வார்ப்பு புதிதன்று. அமாவாசையைப் பௌர்ணமி என்று மன்னனிடம் சொல்லிவிட்டு, சொன்னதிலிருந்து பின்வாங்காமல் நெருப்பின்மேல் அமர்ந்து அந்தாதி பாடிய திருக்கடையூர் அபிராமி பட்டரின் கதை நாம் அறிந்ததே. ஊர் அவரையும் பித்தர் என்றது. சுந்தரரோ இறைவனையே பித்தன் என்றார். பித்தினைப் பெருநிலையாகக் காணும் பழக்கம் நம் பக்தி மரபில் ஊறியது. அந்த மரபைத் துணிந்து ஒரு கடத்தல்காரனுக்குக் கொடுத்ததுதான் ‘குணா’வின் எழுத்தாண்மை. நாயகனுக்கு வேண்டியது நற்குணமன்று, பின்வாங்காத ஓர் ஆசை என்பதை அந்தப் படம் கற்பிக்கிறது. குணா ஒன்றையே வேண்டுகிறான். அதற்காக அனைத்தையும் இழக்க அவன் அணியமாக இருக்கிறான். அவன் செய்வது தவறென்று தெரிந்தும் நாம் அவன் பின்னால் அந்தப் பிளவுக்குள் இறங்குகிறோம்.

இப்படியெல்லாம் அங்கே நின்று விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் அம்மாணவி கேட்டாள். ரோகிணியின் சொத்துக்காகச் சூழ்ச்சி செய்யும் சுரேஷ்குமார்தானே வில்லன் என்று வேறொருவன் அவளுக்கு விடை சொன்னான். அவள் விடவில்லை.

“அது ரோகிணிக்குக் கடைசியில்தானே தெரியும்? முதல் நாள் இராத்திரி இந்தக் குழிக்குள் அவளை உட்கார வைத்திருப்பவன் யார்? அன்றைக்கு அவளுக்கு வில்லன் யார், ஐயா?”

சிறிது நேரம் எவரும் பேசவில்லை. கீழே வௌவால் நாற்றம் வந்துகொண்டிருந்தது.

அவள் கேட்டது திரைக்கதை இலக்கணத்தின் முதற்கேள்வி. நாயகன், பகைவன் என்பவை ஒருவருடைய பிறவிக் குணங்கள் அல்ல. யாருடைய கண்ணால் கதை பார்க்கப்படுகிறதோ அந்தக் கண் சூட்டும் பெயர்கள் அவை. ‘குணா’ பெரும்பாலும் குணாவின் கண். ஆகவே ரோகிணியின் அச்சம் விரைவிலேயே அன்பாகி, குகைக்குள் அவன் சொல்லச் சொல்ல அவள் எழுதும் கடிதப் பாட்டாகி விடுகிறது. அந்தப் பாட்டின் அழகை நாம் மறுக்கவில்லை. ஆனால் அச்சத்துக்கும் அன்புக்கும் இடையிலான தொலைவை அவள் எப்படி நடந்தாள் என்பதைப் படம் போதிய அளவு காட்டவில்லை என்றே நமக்கு இப்போது தோன்றுகிறது. நாயகனுக்கு அளித்த கவனத்தில் கால்பங்கு சுரேஷ்குமாருக்கும் இல்லை. அவருக்குப் பணம் வேண்டும், அவ்வளவே. அவர் எந்தப் படத்திலிருந்தும் இந்தப் படத்துக்குள் நடந்து வந்திருக்கலாம். தன் பித்தோடு ஒப்பிடத் தகுந்த ஓர் எதிராளி குணாவுக்கு வாய்க்கவில்லை.

*

அதே குழியைப் பற்றி இன்னொரு கதை உண்டு. 2006-இல் கொச்சிக்கு அருகிலுள்ள மஞ்ஞும்மல் என்னும் ஊரிலிருந்து நண்பர் குழு ஒன்று கொடைக்கானலுக்கு வந்தது. அவர்களுள் ஒருவர் இக்குகையின் ஆழப் பிளவுக்குள் விழுந்தார். உடன் வந்த நண்பரே கயிறு கட்டி உள்ளே இறங்கி அவரை உயிருடன் மேலே கொண்டு வந்தார். 18 ஆண்டுகள் கழித்து, 2024 பிப்ரவரியில், சிதம்பரம் என்னும் இளம் இயக்குநர் அதனை ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்று மலையாளத்தில் படமாக்கினார். 200 கோடி ரூபாய் வசூலைக் கடந்த முதல் மலையாளப் படமாக அது ஆயிற்று. தமிழ்நாட்டு அரங்குகளிலும் கூட்டம் நிரம்பி வழிந்தது.

அந்தப் படத்தில் வில்லன் யார் என்று மாணவர்களைக் கேட்டோம். குகை என்றான் ஒருவன். உதவி கேட்டு வந்தவர்களைச் சந்தேகித்து அடிக்கும் காவலர்கள் என்றான் மற்றொருவன். வேலியைத் தாண்டிய அவர்களுடைய திமிர்தான் என்றாள் ஒருத்தி. மூன்றுமே சரி, மூன்றுமே முழுவிடை அல்ல. குகைக்கு யார்மேலும் பகையில்லை. அது அங்கே இருக்கிறது, அவ்வளவே. காவலர்கள் கெட்டவர்கள் என்பதைவிட, இதுவரை விழுந்தவர் எவரும் திரும்பியதில்லை என்னும் பட்டறிவில் உறைந்தவர்கள் என்பதே பொருத்தம். எனவே பகைமை ஓர் ஆளிடம் குவியாமல் எங்கும் பரவி நிற்கிறது.

அப்படியிருந்தும் படம் நம்மை இருக்கை நுனியில் உட்கார வைக்கிறது. எப்படி? அந்த இளைஞர்களை எழுத்தாளர் மிகச் சாதாரணமானவர்களாக விட்டுவைத்தார். தொடக்கத்தில் ஒரு வடம்பிடிப் போட்டி வருகிறது. அதில் அவர்கள் தோற்றுப் போகிறார்கள். நாமும் அதை மறந்து விடுகிறோம். பிறகு ஒருவன் பிளவுக்குள் கயிற்றில் தொங்கும்போது, மேலே நின்று அந்தக் கயிற்றை இழுப்பவர்கள் அதே தோற்ற கைகள் என்பது நினைவுக்கு வருகிறது. முன்னே விதைத்ததைப் பின்னே அறுத்தல் என்பது இதுதான். மேலே வந்த பிறகு பின்னணியில் எழுவது ‘குணா’வின் அந்தக் கடிதப் பாட்டு. 1991-இல் ஆணும் பெண்ணும் பாடியது, 2024-இல் நண்பனுக்கும் நண்பனுக்கும் இடைப்பட்ட பாட்டாக மாறிவிட்டது. ஒரே குழி, ஒரே பாட்டு. முதற்படத்தில் நாயகன் ஒருத்தியைக் கீழே கொண்டு போகிறான். இரண்டாவதில் ஒருவனை மேலே கொண்டு வருகிறான்.

*

அன்றிரவு விடுதியில் கணப்பருகே அமர்ந்து பேச்சு பழைய தமிழ்ப் படங்களின் பக்கம் திரும்பியது. பி. எஸ். வீரப்பாவின் சிரிப்பை ஒருவன் நடித்துக் காட்டினான். கையைப் பிசையும் நம்பியாரை இன்னொருவன். திரையில் அத்தனை கொடுமை புரிந்த நம்பியார் ஆண்டுதோறும் சபரிமலைக்குச் சென்று குருசாமியாகப் போற்றப்பட்டவர் என்பது இளையோர்க்குப் புதுச்செய்தி. அந்நாளைய பகைவர்கள் பெரும்பாலும் கூத்து மரபின் வழித்தோன்றல்கள். கட்டியங்காரன் அறிவித்ததும் மேடை அதிர வந்து நின்று “யாரென்று நினைத்தாய்” என உறுமும் இராவணனையும் துரியோதனனையும் ஒத்தவர்கள். அவர்களிடம் காரணம் கேட்பது பொருந்தாது. வேடமே அவர்களுக்குக் காரணம்.

ஆனால் காரணம் கேட்ட படங்களும் அப்போதே வந்தன. 1954-ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ அவ்வாண்டில் வந்தது. பாட்டே இல்லாத படம். சிவாஜி கணேசன் அதில் நாட்டைக் காட்டிக் கொடுக்கும் வானொலிப் பொறியாளர். அறிவும் உழைப்பும் உடைய ஓர் இளைஞன் சொந்த நாட்டில் மதிப்பின்றிப் போனதால் பகைநாட்டின் பக்கம் சாய்ந்தான் என்று படம் சொல்லும்போது நாம் அவனை மன்னிப்பதில்லை, ஆயினும் அவனைப் புரிந்துகொள்கிறோம். அதே ஆண்டில் ‘ரத்தக்கண்ணீர்’. எம். ஆர். ராதாவின் மோகனசுந்தரம் மனைவியை வதைக்கிறான், தாயை இகழ்கிறான். ஆனால் ஊரின் பொய்களை அவனளவுக்குக் கூர்மையாக எவரும் கேலி செய்வதில்லை. அவனை வெறுக்க வந்த கூட்டம் அவனோடு சேர்ந்து சிரிக்கிறது. சிரித்துவிட்டுத் தன்னையே ஐயுறுகிறது.

இன்னும் பின்னே போனால் கம்பர் இருக்கிறார். மகன் மேகநாதனின் உடலைக் கண்டு புலம்பும் இராவணனைப் படித்தவர் எவரும் அவனை வெறும் அரக்கனாக வைத்துக்கொள்ள இயலாது. கும்பகருணனோ அண்ணன் செய்தது பிழை என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, உண்ட சோற்றுக்காக அந்தப் பிழையின் பக்கமே நின்று மடிகிறான். அறம் தெரிந்தும் எதிர்ப்பக்கம் நிற்பவனைப் படைக்கத் தெரிந்த மொழி, பின்னாளில் தடித்த சங்கிலிக்கு வந்து சேர்ந்ததேன் என்பது தனிக்கட்டுரைக்கு உரிய பொருள்.

*

மறுநாள் பெருமாள்மலை வழியாகப் பழனிக்கு இறங்கினோம். பழனி மலைத்தொடரின் இந்தச் சரிவில்தான் நாம் கற்பிக்க விரும்பிய இருவர் வாழ்ந்தனர். ஒருவர் வரலாற்றில், ஒருவர் புராணத்தில்.

முதல்வர் வையாவிக் கோப்பெரும் பேகன். கடையெழு வள்ளல்களுள் ஒருவர். பழனியின் பழம்பெயராகிய பொதினியில் ஆண்ட ஆவியர் குடித் தலைவர். மயில் குளிரால் நடுங்குகிறது என எண்ணித் தம் போர்வையை அதற்கு ஈந்தார் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். பாடநூல் அந்த இடத்தில் நின்று விடும். புறநானூறு அங்கே நிற்பதில்லை. மயிலுக்கு இரங்கிய அதே பேகன் தம் மனைவி கண்ணகியை நீங்கி வேறொருத்தியிடம் தங்கியிருந்தார். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வர் அவரிடம் சென்று, அழுதுகொண்டிருக்கும் அந்தப் பெண்ணுக்காகப் பாடினர். பொன்னும் பொருளும் வேண்டா, தேரேறிச் சென்று அவள் துயரைக் களைவதே யாம் வேண்டும் பரிசில் என்று கேட்டவரும் அவர்களுள் உண்டு.

திரைக்கதை எழுதுவோர் இதனை ஊன்றிப் பார்க்க வேண்டும். பேகனின் குறை அவர் நிறைக்குப் புறத்தே ஒட்டவைத்தது அன்று. மயிலின் நடுக்கம் தெரிந்த கண்ணுக்கு வீட்டில் இருப்பவளின் நடுக்கம் தெரியவில்லை. கொடையும் கொடுமையும் ஒரே ஆளின் இரண்டு கைகள். புலவர்கள் வள்ளன்மையை மறுக்கவும் இல்லை, அதன்பொருட்டு மற்றதை மறைக்கவும் இல்லை. அன்றிருந்த புலவர்க்கு அரசன்தான் சோறு. அவன் வாயிலில் நின்றுகொண்டே அவன் மனைவியின் கண்ணால் அவனைப் பார்க்க அவர்களுக்கு முடிந்தது. முந்தைய நாள் கேள்வி கேட்ட மாணவியைத் திரும்பிப் பார்த்தோம். அவள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாமவன் இடும்பன். பழனி மலையின் படிவழியில் அவனுக்கொரு சந்நிதி உண்டு. பக்கத்துக் குன்றுக்கே அவன் பெயர்தான். அவன் அசுர குலத்தவன், அகத்தியரின் மாணாக்கன். சிவகிரி, சக்திகிரி என்னும் இரு குன்றுகளைத் தென்திசைக்குக் கொண்டுவருமாறு ஆசான் பணித்தார். தண்டத்தின் இரு முனைகளிலும் பாம்புகளைக் கயிறாக்கிக் குன்றுகளைக் கட்டித் தோளில் சுமந்து நடந்தான். ஆவினன்குடி அருகே களைத்து இறக்கி வைத்தான். மீண்டும் தூக்கப் பார்த்தால் ஒரு குன்று அசையவில்லை. மேலே கோவணமும் கோலுமாக ஒரு சிறுவன் நின்று இம்மலை எனது என்றான். சண்டை மூண்டது. இடும்பன் மாண்டான். மனைவி இடும்பியும் அகத்தியரும் மன்றாட, முருகன் அவனை எழுப்பி மலைக்குக் காவலனாக்கினான். அவன் சுமந்ததுபோல் காவடி சுமந்து வருவோர்க்கு அருள்வதாகவும் வாக்களித்தான். இன்றுவரை பாதயாத்திரையாக வரும் இலட்சக்கணக்கானோர் தோளில் இருப்பது தோற்ற ஒருவனின் சுமை.

இந்தக் கதையில் இடும்பன் செய்த தவறு எது? மாணவர்கள் யோசித்தனர். கோபப்பட்டான் என்றான் ஒருவன். குழந்தையை அடிக்கப் போனான் என்றான் இன்னொருவன். சரிதான். ஆனால் அவன் தீமை செய்யக் கிளம்பியவன் அல்லன். குருவுக்குக் கொடுத்த வாக்கை நிறைவேற்றக் கிளம்பியவன். நெடுந்தொலைவு சுமந்து களைத்தவன். அவன் பக்கமிருந்து பார்த்தால் தன் வேலைக்குக் குறுக்கே ஒரு சிறுவன் நிற்கிறான். நாயகனும் பகைவனும் ஒரே மலையை வேண்டுகிறார்கள், இருவருக்கும் காரணம் இருக்கிறது. கதை அந்த இடத்தில்தான் பற்றிக்கொள்கிறது. சூரபதுமன் மயிலும் சேவலுமாகி முருகனுக்கு ஊர்தியும் கொடியும் ஆன கதையும் இதன் உடன்பிறப்பே. பகைவனை அழித்தொழிப்பதைவிட அவன் ஆற்றலைத் தன்னருகே வைத்துக்கொள்வதையே இந்த மலைக்கடவுள் விரும்பியிருக்கிறான்.

*

சிவப்பு மையெழுத்தில் கை தயங்கிய காரணத்தை இனிச் சொல்லியாக வேண்டும்.

கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம் எங்கள் தாத்தாவுக்கு ஆறு ஏக்கர் நிலம் இருந்தது. காப்பிச் செடி, ஊடே விருப்பாச்சி மலைவாழை, சில ஆரஞ்சு மரங்கள். தாத்தாவுக்குப் பின் நிலத்தைப் பார்த்தவர் எங்கள் பெரியப்பா. 1989-இல் அதை விற்றுவிட்டார். தம்பியாகிய எங்கள் தந்தையிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் விற்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவர் பெயர் சோற்றுவேளையில் மட்டுமே எழும். எழுந்தால் சோறு இறங்காது.

2001-இல் முதுகலை படிக்கும்போது கல்லூரி ஆண்டு விழாவுக்கு ஒரு நாடகம் எழுதினோம். பெயர் ‘மலை விற்றவன்’. தம்பியின் பங்கை விழுங்கும் ஒரு மூத்தவன் அதில் வில்லன். அவனுக்குத் தடித்த மோதிரம், பட்டு அங்கவஸ்திரம், ஒவ்வொரு காட்சியின் முடிவிலும் ஒரு சிரிப்பு. கைதட்டல் மண்டபத்தை அதிரச் செய்தது. முதற்பரிசும் கிடைத்தது.

பெரியப்பா வந்திருந்தார். யார் சொல்லி வந்தாரோ தெரியாது. கடைசி வரிசையில் மஞ்சள் பையோடு அமர்ந்திருந்தவர், எல்லாம் முடிந்து திரைக்குப் பின்னால் வந்தார். பையில் ஒரு சீப்பு மலைப்பழம். சந்தையில் காசு கொடுத்து வாங்கியது. அதை நம் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

“நாடகம் நல்லாத்தான் இருந்துச்சு, தம்பி. அந்தாளு எதுக்குச் சிரிக்கிறான்னு மட்டும் எனக்கு வெளங்கலை.”

அவ்வளவுதான். அதில் கோபமில்லை. குத்தல் இருந்ததா என்றும் இன்றுவரை நம்மால் சொல்ல முடியவில்லை. அவர் நிலம் விற்ற நாளில் சிரிக்கவில்லை என்பது மட்டும் நமக்கு அப்போது உறைக்கவில்லை.

2009-இல் அவர் காலமானார். காரியங்கள் முடிந்த பின் பெரியம்மா ஒரு கணக்கு நோட்டைக் கொண்டுவந்து வைத்தார். விருப்பாச்சி வாழையை முடிக்கொத்து நோய் தின்ற ஆண்டுகள் அதில் இருந்தன. நச்சுயிரி நோய், அசுவினிப் பூச்சி வழியாகப் பரவுவது. வந்த மரத்துக்கு மருந்தில்லை. இலைகள் சிறுத்து உச்சியில் கொத்தாக நிற்கும், தார் ஈனாது. தோண்டி அழிப்பதே வழி. எந்த வரிசையில் எத்தனை மரம் வெட்டினார் என்று தேதி போட்டு எழுதியிருந்தார். எதிர்ப்பக்கத்தில் கடன்கள். அத்தையின் திருமணம். பாட்டியின் மதுரை வைத்தியம். “தம்பி படிப்பு” என்று மட்டும் எழுதி நான்கு இடங்களில் தொகை. அந்தத் தம்பி எங்கள் தந்தை.

பெரியப்பா குற்றமற்றவர், நாம்தான் பழி சுமத்தினோம் என்று இங்கே முடித்துவிட்டால் கட்டுரை நன்றாக இருக்கும். ஆனால் அதுவும் இன்னொரு தடித்த மோதிரமே. நோட்டின் கடைசிப் பக்கத்தில் விற்ற பணத்தின் கணக்கும் இருந்தது. கடன்கள் போக மிஞ்சியதில் பழனியில் தம் பெயருக்கு ஒரு வீட்டுமனை வாங்கியிருந்தார். தம்பிக்கு அதில் பங்கில்லை. அவர் சுமந்தார், களைத்தார், இறக்கி வைத்த இடத்தில் கொஞ்சம் தமக்கென்றும் எடுத்துக்கொண்டார்.

நோட்டைத் தந்தையிடம் காட்டினோம். அவர் புரட்டிப் பார்க்கவே இல்லை. “தெரியும்பா. எம் படிப்புக்குக் கட்டுனதும் தெரியும், வாழை போனதும் தெரியும். விக்கறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? நான் என்ன வேண்டாம்னா சொல்லப் போறேன்?” என்றார். பிறகு வாசலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

நாம் எழுதிய நாடகத்தில் இருவர் பகைக்குக் காரணம் ஆறு ஏக்கர். வீட்டில் காரணம் ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையை ஏன் அண்ணன் கேட்கவில்லை என்பதுதான் எழுதப்பட்டிருக்க வேண்டிய நாடகம். தோற்றுப்போனதைத் தம்பியிடம் சொல்ல வெட்கமா? சொன்னால் தம்பி வேலையை விட்டுவிட்டு மலையேறி வந்துவிடுவான் என்ற அச்சமா? வீட்டுமனை ஆசை அப்போதே இருந்ததா? நமக்குத் தெரியாது. ஆனால் எழுதுகிறவன் இம்மூன்றையும் கேட்டிருக்க வேண்டும். நாம் அவர் விரலில் மோதிரத்தை மாட்டிவிட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டோம்.

*

பழனிப் படிகள் 693. இடும்பன் சந்நிதிக்கு அருகே மூச்சு வாங்க உட்கார்ந்தபோது மாணவர்களுக்கு ஒரு புதிய பயிற்சி கொடுத்தோம். இப்போது ஒவ்வோராண்டும் அதையே கொடுத்து வருகிறோம். திரைக்கதைக்குள் போகுமுன், கதை தொடங்குவதற்கு முந்தைய நாள் காலையில் உங்கள் பகைவன் என்ன செய்துகொண்டிருந்தான் என ஒரு பக்கம் எழுதுங்கள். அவன் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறான், தோளில் என்ன சுமக்கிறான், அன்று அவன் சாப்பிட்டானா என்று எழுதுங்கள். அவன் சிரித்தால் எதைக் கண்டு சிரிக்கிறான் என்றும் எழுதுங்கள். காரணம் கிடைக்காவிட்டால் சிரிப்பை எடுத்துவிடுங்கள். அடுத்த பக்கத்தில், உங்கள் நாயகனை அவனால் துன்புற்ற ஒருவரின் கண்ணால் எழுதுங்கள். அப்படி ஒருவருமே இல்லையென்றால் அவன் இன்னும் பிறக்கவில்லை என்று பொருள்.

இதனால் தீமைக்கு மன்னிப்பு வழங்கிவிடுகிறோம் என்று சிலர் கருதலாம். அந்த ஐயம் நமக்கும் உண்டு. மணல் அள்ளுகிறவனுக்கும் பிள்ளைகள் உண்டு என்று எழுதிவிட்டால் ஆறு திரும்பி வந்துவிடாது. ஆனால் காரணமில்லாத கொடியவனைத் திரையில் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறவர், தம்மைப் போன்ற எவராலும் அது செய்யப்படுவதில்லை என்ற நிம்மதியோடு உறங்குவார். காரணமுள்ள கொடியவன் அவரை உறங்க விடமாட்டான்.

கேள்வி கேட்ட மாணவி இரண்டு வாரங்கள் கழித்துத் தன் பக்கங்களைக் கொடுத்தாள். குகைக்குள் ரோகிணியின் முதல் இரவு. நான்கே பக்கம். குணா உறங்குகிறான், அவள் உறங்கவில்லை. அவனிடமிருந்து தப்ப எத்தனை அடி நடக்க வேண்டும் என்று இருட்டில் எண்ணுகிறாள். எண்ணிக்கொண்டிருக்கும்போது அவன் உறக்கத்தில் குழந்தைபோல் அழுகிறான். அவள் எண்ணிக்கையை விட்டுவிடுகிறாள். பிறகு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறாள்.

அதன் ஓரத்தில் சிவப்பு மையால் எதுவும் எழுதவில்லை.

எங்கள் தந்தைக்கு இப்போது வயது எழுபத்தைந்து. தைப்பூசத்துக்குப் பழனி போக வேண்டும் என்று இந்த ஆண்டு அவராகவே சொன்னார். படியேற முடியாது, இழுவை ரயிலில் போகலாம் என்றோம். சரி என்றவர், சற்றுப் பொறுத்து, “அண்ணியையும் கூப்பிட்டுக்கலாமா?” என்று கேட்டார்.